வைரஸ் தன் உடம்பை எப்படி வெட்டி அடுக்குது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மன்னார்குடி பக்கம் ஒரு காலேஜ்ல மைக்ரோபயாலஜி எடுக்கிறேன். வைராலஜி பேப்பர்ல பசங்க ரொம்ப தடுமாறுற இடம்னா அது இந்த வைரஸ் கூடு கட்டுற பாடம்தான். புரோட்டீனை உண்டாக்குறது வரைக்கும் புரிஞ்சுடுது, அதுக்கப்புறம் "வெட்டப்படுது"ன்னு ஒரே வரியில புக்கு தாண்டிப் போயிடுது, ஆனா மொத்த விஷயமும் அந்த ஒரு வரியிலதான் இருக்கு. கிளாஸ்ல கேட்டது, வாட்ஸ்ஆப்ல கேட்டது, ஊர்ல பெரியம்மா கேட்டது, பசங்களோட அப்பா அம்மா கேட்டதுன்னு எல்லாத்தையும் சேர்த்து இங்க பதில் எழுதி வச்சிருக்கேன்.

மேம், ஸ்ட்ரக்சுரல் புரோட்டீன்னா என்ன? அதை புராசஸ் பண்றதுன்னா என்ன?

வைரஸ் செல்லுக்குள்ள போனதும் ரெண்டு வகை புரோட்டீன் செய்ய வைக்கும். ஒண்ணு வேலையாளு மாதிரி, ஜீனோமை காப்பி எடுக்கும், செல்லோட வாயை அடைக்கும், வேலை முடிஞ்சா செல்லோடயே போயிடும். இன்னொண்ணு வைரஸோட உடம்பாவே வெளிய போகும், கூடு, உறை, உறை மேல நிக்கிற முள்ளு எல்லாம் அதுதான். இந்த ரெண்டாவது வகைதான் ஸ்ட்ரக்சுரல் புரோட்டீன். நிறைய வைரஸ்ல இது செஞ்ச உடனே உபயோகத்துக்கு ஆகாது, குறிச்ச இடத்துல குறிச்ச நேரத்துல வெட்டணும். வெட்டுற வேலையைச் செய்யிற என்சைம் பேரு புரோட்டியேஸ். புராசஸிங்னா பெரும்பாலும் இந்த வெட்டுதான், சர்க்கரை ஒட்டுறது கொழுப்பு ஒட்டுறதுன்னு வேற சிலதும் இருக்கு.

தனித்தனியா செஞ்சுக்காம ஏன் எல்லாத்தையும் ஒரே நீளமா செஞ்சுட்டு அப்புறம் வெட்டணும்?

இதுக்கு நான் கிளாஸ்ல எப்பவும் நடவைத்தான் சொல்லுவேன், எங்க அம்மா நடவுக்குப் போனவங்க, நான் சின்ன வயசுல வரப்புல உக்காந்து பார்த்தது. நாத்தங்கால்ல நாத்தைப் பறிச்சு, வேர்ல இருக்க சேத்தைத் தண்ணியில அலசி, அதே நாத்துல ரெண்டு தாளை எடுத்து ஒரு சுத்து சுத்தி முடியா கட்டுவாங்க. அந்த முடியை வயல்ல அங்கங்க வீசிப் போடுவாங்க. நடவாளு தான் நிக்கிற இடத்துல முடியை எடுத்து, கட்டை அவுத்து, இடது கையில பிடிச்சுக்கிட்டு வலது கையால ரெண்டு மூணு நாத்தா பிரிச்சு ஊனுவாங்க. நாத்தங்கால்லயே கட்டை அவுத்துட்டா வயல் போய்ச் சேர்றதுக்குள்ள பாதி சிதறிடும், கட்டை அவுக்காம முடியோட ஊனினா பயிரே வராது. கட்டுறதும் வேணும், அவுக்கறதும் வேணும், ஆனா எங்க எப்ப அவுக்கறதுங்கறதுதான் வேலை.

வைரஸும் அப்படியேதான். மேட்ரிக்ஸ் (உறைக்கு அடியில நிக்கறது), கேப்சிட் (உள்ள இருக்கற கூடு), நியூக்ளியோகேப்சிட் (ஆர்என்ஏவைப் பிடிக்கறது)னு எல்லா பாகமும் ஒரே சங்கிலியா கட்டுன முடி, அதுக்குப் பேரு பாலிபுரோட்டீன். ஒரே சங்கிலியா இருக்கறதால எல்லா பாகமும் சரியான விகிதத்துல ஒரே இடத்துக்குப் போய்ச் சேரும், செல் மாதிரி ஒரு பெரிய வயல்ல ஒண்ணை ஒண்ணு தேடிக்கிட்டு அலைய வேண்டாம். இன்னொரு காரணமும் இருக்கு. கூடு கட்டும்போது பாகங்கள் நெகிழ்வா ஒட்டணும், தப்பா ஒட்டினா பிரிஞ்சு மறுபடி ஒட்டணும். ஆனா கட்டி முடிச்சு வெளிய போனப்புறம் கூடு கெட்டியா இருக்கணும், புது செல்லுக்குள்ள போனதும் திறக்கவும் தெரியணும். ஒரே வடிவத்தை வச்சுக்கிட்டு இவ்வளவும் முடியாது. கட்டும்போது ஒரு வடிவம், வெட்டுனப்புறம் வேற வடிவம். வெட்டுக்குப் பின்னாடி போக முடியாது, அறுந்த சங்கிலி திரும்ப ஒட்டாது, அதனால அது ஒருவழிப் பாதை.

எச்ஐவியை வச்சு ஸ்டெப் ஸ்டெப்பா சொல்லுங்க மேம், எக்ஸாம்ல அதான் வருது.

சரி. எச்ஐவியோட முடி பேரு காக். மேட்ரிக்ஸ், கேப்சிட், எஸ்பி1, நியூக்ளியோகேப்சிட், எஸ்பி2, பி6 இந்த வரிசையில இருக்கும், எஸ்பி1, எஸ்பி2 ரெண்டும் நடுவுல வர்ற சின்ன இணைப்புத் துண்டு. மேட்ரிக்ஸ் முனையில மிரிஸ்டிக் ஆசிட்னு ஒரு கொழுப்பு ஒட்டியிருக்கும், அதை வச்சு செல் சவ்வோட உள்பக்கத்துல போய் ஊனிக்கும். நியூக்ளியோகேப்சிட் பகுதி வைரஸோட ஆர்என்ஏவைப் பிடிச்சுக்கும். இப்படி சுமார் 2,500 காக் பக்கத்துல பக்கத்துல நின்னு சவ்வை வெளிப்பக்கமா கொப்புளம் மாதிரி தள்ளும். கடைசியில பி6 பகுதி செல்லோட எஸ்கார்ட்ங்கற சொந்த மெஷினைக் கூப்பிட்டு கழுத்தை அறுக்க வைக்கும், வைரஸ் துண்டிச்சு வெளிய வந்துடும்.

ஆனா இப்ப வெளிய வந்தது குழந்தை வைரஸ். உள்ள உருண்டையா, காக் எல்லாம் சைக்கிள் சக்கரக் கம்பி மாதிரி நடுவை நோக்கி நிக்கும். இதால ஒரு செல்லையும் தொத்த முடியாது. இதுக்கப்புறம்தான் புரோட்டியேஸ் வெட்ட ஆரம்பிக்குது, அதுவும் கண்டபடி இல்ல, வரிசையா. முதல் வெட்டு எஸ்பி1க்கும் நியூக்ளியோகேப்சிட்டுக்கும் நடுவுல, அதோட ஆர்என்ஏ சுருங்கித் திரள ஆரம்பிக்கும். அடுத்து மேட்ரிக்ஸ் கேப்சிட் பிரியும், கேப்சிட்டோட வெட்டுப்பட்ட முனை உள்பக்கமா மடங்கி ஒரு புது வடிவம் எடுக்கும். எல்லாத்துக்கும் கடைசியா கேப்சிட் எஸ்பி1 வெட்டு. முதல் வெட்டுக்கும் கடைசி வெட்டுக்கும் வேகத்துல சுமார் 400 மடங்கு வித்தியாசம். அந்த வரிசை எங்கயும் எழுதி வைக்கல, ஒவ்வொரு வெட்டு இடத்துலயும் இருக்கற அமினோ ஆசிட் எழுத்துகள் புரோட்டியேஸுக்கு எவ்வளவு பொருந்துதோ அந்த வேகம்தான் வரிசையாகுது. எனக்கு இந்தப் பாடத்துல ரொம்பப் பிடிச்ச இடம் இதுதான்.

கடைசி வெட்டு விழுந்ததும் பழைய உருண்டை குலைஞ்சு, விடுபட்ட கேப்சிட் புரோட்டீன்ல சுமார் 1,500 சேர்ந்து ஒரு கூம்பா கட்டிக்கும். ஆறாறா சேர்ந்த வளையம் சுமார் 250, ஐஞ்சைஞ்சா சேர்ந்த வளையம் சரியா 12. ஐஞ்சு வளையம் 12 இல்லாம இப்படி ஒரு கூடு மூடாது, அது கணக்கு.

இதுல நம்ம ஊருக்கு நெருக்கமான ஒரு பொருளும் இருக்கு. கேப்சிட் எஸ்பி1 சந்திப்புல ஆறு காக் சேர்ற இடத்துல ஐபி6னு ஒரு சின்ன மூலக்கூறு நடுவுல உக்காந்து கட்டைத் தாங்கிப் பிடிக்குது, கூம்பு கட்டும்போதும் அதே ஐபி6 உதவுதுன்னு 2018ல காட்டினாங்க. ஐபி6னா பைட்டிக் ஆசிட், ரைஸ் மில்லுல அரிசியைத் தீட்டும்போது வர்ற தவிட்டுல நிறைய இருக்கே, அதே பொருள். வைரஸ் எடுத்துக்கறது நம்ம செல்லு தானே செஞ்சுக்கற ஐபி6ஐ, அதனால தவிடு சாப்பிடுறதுக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்ல.

அந்தப் புரோட்டியேஸ் எங்கிருந்து வருது? முன்னாடியே ஏன் வெட்டல?

அதுவும் காக் சங்கிலியோட நீட்சியிலதான் இருக்கு. ரைபோசோம், அதாவது செல்லுல புரோட்டீன் செய்யற மெஷின், காக் செய்தியைப் படிச்சுக்கிட்டுப் போகும்போது ஒரு இடத்துல சுமார் 20ல ஒரு தடவை வழுக்கி ஒரு எழுத்து பின்னாடி போயிடும். அப்ப நிறுத்தற இடத்தைத் தாண்டிப் படிச்சு காக்-போல்னு நீளமான சங்கிலி வரும், புரோட்டியேஸ் அதுக்குள்ள. அதாவது 20 காக்குக்கு 1 காக்-போல்.

இன்னும் ஒரு பூட்டும் இருக்கு. இந்தப் புரோட்டியேஸ் ரெண்டு பாதி சேர்ந்தாதான் கத்தரி, ஒரு பாதிக்கு 99 அமினோ ஆசிட், வெட்டுற இடம் ரெண்டுக்கும் நடுவுல உருவாகுது. செல்லுக்குள்ள சிதறிக் கிடக்கும்போது பாதிகள் ஒண்ணை ஒண்ணு பார்க்காது. சவ்வுக்கு வந்து நெருக்கிக்கிட்டு நிக்கும்போதுதான் ஜோடி சேரும், முதல்ல தன்னையே சங்கிலியில இருந்து வெட்டி எடுத்துக்கும், அப்புறம் மத்ததை. வயலுக்கு வந்தப்புறம்தான் கட்டு அவுக்கணும்னு சொன்னேன்ல, வைரஸுக்கு வயல் வந்துட்டதுன்னு தெரியறது இந்த நெருக்கத்தை வச்சுதான்.

சீக்கிரமே வெட்டிட்டா?

காக் சவ்வுல ஒழுங்கா சேர்றதுக்கு முன்னாடியே துண்டாயிடும், வைரஸ் வெளிய வராது. சோதனைக்கு காக்-போலை அளவுக்கு மேல செய்ய வச்சா இதேதான் ஆகுது. அது மட்டும் இல்ல, செல்லுக்குள்ள இந்தக் கத்தரி ஓட ஆரம்பிச்சா நம்ம செல்லுல கார்ட்8னு ஒரு காவல் புரோட்டீன் அதைக் கண்டுபிடிச்சு அந்தச் செல்லையே சாகடிச்சுடும்னு 2021ல வெளிவந்துச்சு. எச்ஐவியை உடம்புல இருந்து முழுசா துரத்த வழி தேடுறவங்க இதை ரொம்ப கவனமா பார்த்துட்டு இருக்காங்க.

இதைத் தடுக்கற மருந்து இருக்கா?

இருக்கு, எனக்கு இதைச் சொல்லும்போது எப்பவும் மனசு கனமாகும். 1986ல சென்னையில டாக்டர் சுனிதி சாலமனும் அவங்க மாணவி செல்லப்பன் நிர்மலாவும்தான் இந்தியாவுல எச்ஐவி இருக்குன்னு முதல்ல கண்டுபிடிச்சாங்க. அப்ப இந்தப் புரோட்டியேஸைத் தடுக்கற மருந்து உலகத்துல எங்கயும் கிடையாது. 1995 டிசம்பர்ல சாக்வினாவிர் அமெரிக்காவுல அனுமதி வாங்குச்சு, அடுத்த வருஷமே ரிட்டோனாவிர், இண்டினாவிர். மூணு மருந்து சேர்த்துக் குடுக்கற முறை வந்தப்புறம் படுக்கையில கிடந்தவங்க எழுந்து வேலைக்குப் போனாங்க.

வேலை எப்படின்னா, மருந்து கத்தரியோட வாயில போய் மாட்டிக்கும். வைரஸ் வெளிய வரும், எண்ணிக்கை குறையாம வரும், ஆனா எல்லாம் குழந்தையாவே நிக்கும், கூம்பு கட்டாது, தொத்தாது. நம்ம நாட்டுல இப்ப முதல்ல குடுக்கற மாத்திரை டோலுடெக்ராவிர் உள்ளது, அது வேற இடத்துல தடுக்குது. அட்டாசனாவிர், லோபினாவிர் மாதிரி புரோட்டியேஸ் மருந்து அடுத்த வரிசையில இருக்கு, கூட ரிட்டோனாவிர் கொஞ்சமா சேர்ப்பாங்க, அது கல்லீரல் மத்த மருந்தைச் சீக்கிரம் சிதைக்காம பார்த்துக்கும். கூம்பையே பிடிச்சுத் தடுக்கற லெனாகபாவிர் 2022ல அனுமதி வாங்குச்சு, ஆறு மாசத்துக்கு ஒரு ஊசி. மாத்திரை சாப்பிடுறவங்க யாராவது இதைப் படிச்சா, ஏஆர்டி சென்டர்ல (எச்ஐவி மருந்து குடுக்கற இடம்) குடுத்ததை ஒரு நாளும் விடாம சாப்பிடுங்க, விட்டு விட்டு சாப்பிட்டா மருந்துக்கு மசியாத வைரஸ் வளந்துடும்.

மாட்டுக்கு வர்ற கோமாரியும் வைரஸ்தானே, அதுலயும் வெட்டு உண்டா?

உண்டு, டெல்டாவுல இருக்கறவங்க எச்ஐவிக்கு முன்னாடி இதைத்தான் படிக்கணும்னு நான் நினைக்கிறேன். மாடு வாயில எச்சில் நூல் நூலா ஒழுகும், நாக்குல கொப்புளம், குளம்பு நடுவுல புண்ணு, தீவனம் எடுக்காது, பால் இறங்கிடும். 1898ல லோஃப்ளர், ஃப்ராஷ் ரெண்டு பேரும் இது வடிகட்டியைத் தாண்டிப் போற கிருமின்னு காட்டினாங்க, விலங்குகள்ல கண்டுபிடிச்ச முதல் வைரஸ் இதுதான்.

இது போலியோவோட குடும்பம். உறை கிடையாது, வெறும் புரோட்டீன் கூடு, உள்ள ஆர்என்ஏ. கூட்டுக்கான சங்கிலி பேரு பி1. வைரஸோட 3சி புரோட்டியேஸ் அதை விபி0, விபி3, விபி1னு மூணா வெட்டும். வெட்டுனாலும் மூணும் ஒட்டிக்கிட்டே நிக்கும், அப்படி ஐஞ்சு செட் சேர்ந்தா ஒரு ஐங்கோணத் துண்டு, 12 துண்டு சேர்ந்தா முழுக்கூடு, ஆக ஒவ்வொரு புரோட்டீனும் 60. இங்க பாருங்க, எச்ஐவியில கட்டிட்டு வெட்டுது, இங்க வெட்டிட்டுதான் கட்டுது.

ஆனா இதுலயும் கடைசி வெட்டு ஒண்ணு மிச்சம் இருக்கு. ஆர்என்ஏ உள்ள அடைபட்டு கூடு மூடினப்புறம் விபி0 ரெண்டாகி விபி4, விபி2 ஆகுது. இதை வெட்ட வெளியில இருந்து கத்தரி வர முடியாது, கூடு மூடியாச்சு, கூட்டோட உள்பக்கமே அந்த வேலையைச் செஞ்சுக்குது. போலியோவுல இந்த வெட்டு விழுந்தாதான் வைரஸுக்குத் தொத்துற சக்தி வரும், விபி4தான் அடுத்த செல்லுல சவ்வைத் துளைச்சு ஆர்என்ஏவுக்கு வழி விட உதவுது.

கோமாரி ஊசி மருந்தை ஐஸ் பெட்டியிலயே வச்சிருக்காங்களே, வெளிய வச்சா என்ன கெட்டுடும்? (வலங்கைமான் பக்கத்துல இருக்கற பெரியம்மா கேட்டது)

பெரியம்மா, அந்த மருந்துல இருக்கறது செத்த வைரஸ், ஆனா கூடு முழுசா இருக்கணும். முழுக்கூட்டை 146எஸ்னு சொல்லுவாங்க, அதைப் பார்த்தாதான் மாட்டோட உடம்பு நல்லா எதிர்ப்பு சக்தி உண்டாக்கும். வெயில் பட்டா 12 ஐங்கோணத் துண்டும் பிரிஞ்சு தனித்தனியா மிதக்கும், அதை 12எஸ்னு சொல்லுவாங்க. பாட்டில்ல மருந்து அதே அளவுதான் இருக்கும், நிறமும் மாறாது, ஆனா துண்டைப் பார்த்து மாட்டுக்கு வர்ற எதிர்ப்பு சக்தி ரொம்பக் கம்மி. அதனால 2ல இருந்து 8 டிகிரிக்குள்ள வைக்கணும், உறையவும் விடக்கூடாது. ஊசி போடுறவர் பெட்டியைத் திறந்து வச்சுக்கிட்டு பேசிட்டு நின்னா மூடச் சொல்லுங்க, அது மரியாதைக்குறைவு இல்ல.

இதே கூட்டுக்கு புளிப்பும் ஆகாது. துண்டும் துண்டும் சேர்ற விளிம்புல ஹிஸ்டிடின்னு ஒரு அமினோ ஆசிட் நிறைய இருக்கு, பிஎச் 6.5க்குக் கீழ போனா அதெல்லாம் பாசிட்டிவ் சார்ஜ் ஏறி ஒண்ணை ஒண்ணு தள்ளும், கூடு பிரிஞ்சுடும். காரமும் ஆகாது, அதான் கொட்டகையைக் கழுவ 4 சதவீத வாஷிங் சோடா கரைசல் சொல்றாங்க, 10 லிட்டர் தண்ணிக்கு 400 கிராம். 2019ல ஆரம்பிச்ச மத்திய அரசு திட்டத்துல ஆறு மாசத்துக்கு ஒரு தடவை இலவசமா ஊசி போடுறாங்க, ஓ, ஏ, ஆசியா-1 மூணு வகைக்கும் சேர்த்து. "பால் குறையும்"னு மாட்டை ஒளிச்சு வைக்காதீங்க, ஒரு நாள் ரெண்டு நாள் குறையறது திரும்ப வந்துடும், கோமாரி வந்த மாட்டுக்குப் பல சமயம் பழைய பால் திரும்பறதே இல்ல.

டெங்குல எப்படி?

டெங்குல வெட்டைவிட மூடிதான் முக்கியம். வைரஸ் செல்லுக்குள்ள உருவாகும்போது மேல 60 முள்ளு நிக்கும், ஒவ்வொரு முள்ளுலயும் இ-ங்கற உறைப் புரோட்டீன் மூணு, ஒவ்வொரு இ நுனியிலயும் பிஆர்னு ஒரு மூடி. மூடி இல்லாட்டி, வெளிய வர்ற வழியில கோல்கிங்கற செல்லோட உள் அறைப் பக்கம் இருக்கற புளிப்புல இ புரோட்டீன் இதுதான் புது செல்லுன்னு நினைச்சு அங்கயே சவ்வோட ஒட்டிக்கும். அந்தப் புளிப்புல முள்ளெல்லாம் சாய்ஞ்சு 90 ஜோடியா படுத்துக்கும், அப்பதான் நம்ம செல்லோட ஃபியூரின்ங்கற கத்தரிக்கு வெட்டு இடம் தெரியும். ஃபியூரின் வெட்டுனாலும் மூடி உடனே விழாது, செல்லுக்கு வெளிய வந்தப்புறம்தான் விழும். கத்தரி வைரஸோடது இல்ல, நம்மளோடது, அதைக் கவனிங்க.

டெங்குல இந்த வெட்டு பாதி இடத்துல விட்டுப் போறது சகஜம். ஒரு பக்கம் மூடியோட, ஒரு பக்கம் மூடி இல்லாம நிறைய வைரஸ் வெளிய வரும். அந்த மூடிப் பகுதிக்கு எதிரா உடம்பு உண்டாக்கற ஆன்டிபாடி வைரஸைச் சரியா அடக்காது, சில சமயம் செல்லுக்குள்ள கூட்டிட்டுப் போகவே உதவும். ரெண்டாவது தடவை டெங்கு வந்தா மோசமாகலாம்னு டாக்டருங்க பயப்படறதுக்கு இதுவும் ஒரு காரணம்.

கொரோனா, பறவைக் காய்ச்சல்?

சுருக்கமா சொல்றேன். பறவைக் காய்ச்சல் வைரஸோட முள்ளு எச்ஏ0, அதை எச்ஏ1 எச்ஏ2ன்னு வெட்டுனாதான் தொத்தும். சாதாரண வகையில வெட்டு இடத்தை மூச்சுக்குழாய், குடல்ல இருக்கற என்சைம்தான் வெட்டும், நோய் அங்கயே நிக்கும். எச்5என்1 மாதிரி கொடிய வகையில அந்த இடத்துல கார அமினோ ஆசிட் நாலஞ்சு கூடுதலா வரிசையா நிக்கும், அதை ஃபியூரின் வெட்டும், ஃபியூரின் உடம்பு முழுக்க இருக்கு, கோழி ஓரிரு நாள்லயே சாயும். கோவிட் வைரஸோட ஸ்பைக்லயும் ஃபியூரின் வெட்டு இடம் உண்டு, 2003 சார்ஸ்ல அது கிடையாது. கோவிட் மாத்திரை நிர்மட்ரெல்விரும் புரோட்டியேஸ் மருந்துதான், ஆனா அது தடுக்கறது வேலையாளு புரோட்டீன் வெட்டை, கூட்டு வெட்டை இல்ல. எக்ஸாம்ல இதை மாத்தி எழுதிடுறாங்க.

சாரக்கட்டுப் புரோட்டீன்னு ஒண்ணு வருதே, அது என்ன?

சுவாமிமலையில சிலை வார்க்கறதைப் போய்ப் பாருங்க, சும்மா படிக்காதீங்க. முதல்ல தேன்மெழுகுல குங்கிலியம் சேர்த்து உருவம் செஞ்சு, மேல காவிரி வண்டல் பூசிக் காய வச்சு, சூடு காட்டுனா மெழுகு உருகி வெளிய வந்துடும், அந்த வெற்றிடத்துலதான் உலோகத்தை ஊத்துவாங்க. ஹெர்பிஸ் வைரஸ்ல அதே வேலை நடக்குது. உள்ள ஒரு புரோட்டீன் மெழுகு மாதிரி உருண்டையா நின்னு அதைச் சுத்தி கூடு கட்டிக்கும், அதுதான் சாரக்கட்டுப் புரோட்டீன், அப்புறம் வைரஸ் புரோட்டியேஸ் அந்த உள் உருண்டையைக் கூட்டோட பிணைச்சிருக்கற முனையில வெட்டிவிடும், அது வெளியேறுன இடத்துல டிஎன்ஏ போய் அடைஞ்சுக்கும். புரோட்டியேஸ் ஓடலைன்னா உருண்டை உள்ளயே நிக்கும், டிஎன்ஏவுக்கு இடமே இல்ல. பாக்டீரியாவைத் தாக்கற எச்கே97ல சாரக்கட்டு கூட்டுப் புரோட்டீனோடயே ஒட்டியிருக்கும், 102 அமினோ ஆசிட், கூடு கட்டினதும் அதை வெட்டி எறிஞ்சுடும்.

எல்லா வைரஸும் வெட்டுமா?

இல்ல. புகையிலை மொசைக் வைரஸுக்கு வெட்டே வேண்டாம், 2,130 ஒரே மாதிரி புரோட்டீன் ஆர்என்ஏவைச் சுத்தி ஏறிக்கும், 1955லயே ரெண்டையும் தனித்தனியா எடுத்துக் கலந்து குழாய்லயே வைரஸ் உண்டாக்கிக் காட்டினாங்க. நம்ம வாழையில வர்ற முடிக்கொத்து நோய் வைரஸுக்கும் கூட்டுப் புரோட்டீனுக்குத் தனியா ஒரு டிஎன்ஏ வட்டமே இருக்கு, முடி கட்டி அவுக்கற வேலை இல்ல.

சம்பா பயிர் மஞ்சளா ஆரஞ்சா மாறி குட்டையா நிக்குது, துங்ரோன்னு சொல்றாங்க. அதுவும் இந்தக் கணக்குல வருமா? (ஒரு பையனோட அப்பா போன்ல கேட்டது)

வருங்கண்ணே, ரெண்டு தடவை வருது. துங்ரோ ஒரு வைரஸ் இல்ல, ரெண்டு சேர்ந்தது. ஒண்ணு உருண்டை, ஆர்என்ஏ உள்ளது, அதுக்கு மூணு கூட்டுப் புரோட்டீன், மூணையும் ஒரே சங்கிலியில இருந்து கோமாரியோட 3சி மாதிரியான கத்தரி வெட்டுது. இன்னொண்ணு குச்சி மாதிரி, டிஎன்ஏ உள்ளது, அதோட கத்தரி எச்ஐவியோட கத்தரி இனம். அதாவது நம்ம வயல்ல ஒரே நெல்லுக்குள்ள கோமாரி பாணியும் எச்ஐவி பாணியும் பக்கத்துல பக்கத்துல ஓடுது. பயிரை ஆரஞ்சாக்கி குட்டையாக்குறது பெரும்பாலும் குச்சி வைரஸ், ஆனா பச்சைத் தத்துப்பூச்சி அதைத் தனியா தூக்கிட்டுப் போகாது, உருண்டை கூட இருந்தாதான் போகும். மனுஷங்களுக்கோ மாட்டுக்கோ இது வராது.

எச்ஐவிக்கு இருக்கற மாதிரி கத்தரியை அடைக்கற மருந்து பயிருக்குக் கிடையாது, அதனால வைரஸுக்குன்னு எதையும் வாங்கி அடிக்காதீங்க, காசுதான் போகும். பூச்சியை நாத்தங்கால்லயே பார்க்கணும், விளக்குப்பொறி வைக்கணும், நோய் வந்த தூரை ஆரம்பத்துலயே பிடுங்கி அழிக்கணும், அறுப்பு முடிஞ்ச கட்டைத்தாளை மடக்கி உழுதுடணும், மறுதாம்பு துளிர்ல வைரஸ் தங்கும். தழைச்சத்து குறைஞ்சாலும் மஞ்சளாகும், அதனால குழம்பாதீங்க. காலையில வெயில் ஏறுறதுக்கு முன்னாடி இலையை வெட்டி அயோடின் கரைசல்ல வச்சா துங்ரோ இலை கருநீலமா மாறும், இலையில மாவுச்சத்து தேங்கி நிக்கிறதால. ஆடுதுறை நெல் ஆராய்ச்சி நிலையத்துக்கு இல்லாட்டி பக்கத்து வேளாண் அலுவலகத்துக்கு இலையைக் கொண்டு போய்க் காட்டுங்க.

வெட்டு விழுந்ததா இல்லையான்னு லேப்ல எப்படி மேம் கண்ணால பார்க்கறது?

வெஸ்டர்ன் பிளாட். எச்ஐவி புரோட்டீனை ஜெல்ல ஓட விட்டு, கேப்சிட்டைப் பிடிக்கற ஆன்டிபாடி போட்டா, வெட்டாத காக் மேல 55 கிலோடால்டன்ல (புரோட்டீன் எடைக்கான அளவு) ஒரு கோடா நிக்கும், வெட்டி முடிச்சது கீழ 24ல நிக்கும், நடுவுல 41, 39ன்னு பாதி வெட்டுனது மங்கலா தெரியும். மருந்து போடாத லேன்ல 24 தடிப்பா, 55 கிட்டத்தட்ட இல்லாம இருக்கும். புரோட்டியேஸ் மருந்தைக் கொஞ்சம் கொஞ்சமா கூட்டிக்கிட்டே போற லேன்கள்ல 24 மெலிஞ்சு 55 தடிக்கும். 24க்குக் கொஞ்சூண்டு மேல 25ல ஒரு கோடு ஒட்டிக்கிட்டு நின்னா அது எஸ்பி1 இன்னும் பிரியாத கேப்சிட், கடைசி வெட்டு மட்டும் பாக்கின்னு அர்த்தம். அந்த ரெண்டு கோடும் ஒண்ணாத் தெரியாம பிரிஞ்சு தெரியணும்னா ஜெல்லைக் கொஞ்சம் கூடுதல் நேரம் ஓட விடுங்க, சாயம் அடியைத் தொட்டதும் அவசரப்பட்டு நிறுத்தாதீங்க.